வகுபடுமா என்று பார்த்ததோடு நிறுத்தாதீர்கள்: எண் சுற்றுகளுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி மலை ரயில் பாதையில் 208 வளைவுகள். இந்த 208, 19-ஆல் வகுபடுமா? வகுத்துப் பார்க்காமலே சொல்ல ஒரு வழி இருக்கிறது. கடைசி இலக்கமான 8-ஐ வெட்டி எடுங்கள், இரண்டால் பெருக்குங்கள், மிச்சமிருக்கும் 20-உடன் கூட்டுங்கள்: 20 + 16 = 36. இன்னொரு தடவை: 3 + 12 = 15. 15 என்பது 19-இன் மடங்கு இல்லை. ஆகவே 208-உம் இல்லை.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதானே என்று. ஆனால் அதே விதியை விடாமல் போட்டுக்கொண்டே போனால் முழு எண்களின் ஒரு தொடர்வரிசை பிறக்கிறது. அது எங்கே இறங்குகிறது, எங்கே சுற்றுகிறது, எத்தனை எண்களைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வகுபடும் விதிகளை மனப்பாடம் பண்ணிய யாரும் இதைச் செய்யலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் போதும், ஓய்வுபெற்றவருக்கும் போதும்.

தேவையானவை: கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒன்பதாம் வாய்ப்பாடு வரை ஞாபகம். கால்குலேட்டர் வேண்டாம். போன் இப்போதைக்கு பையிலேயே இருக்கட்டும். எண்களுக்கு எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள். சீசன் நேரத்தில் ஊட்டி சேரிங் கிராஸில் பத்து நிமிடம் நின்றால் கர்நாடகா, கேரளா, சென்னை என்று எல்லா ஊர் வண்டி நம்பரும் நான்கு இலக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும், நகரவும் செய்யாது. குறித்துக்கொள்ள வசதி.

முதலில் ஒன்பதில் கை பழகுங்கள்

இலக்கங்களைக் கூட்டுவது எல்லோருக்கும் தெரிந்த விதி. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். 2 + 6 + 3 + 7 = 18, பிறகு 1 + 8 = 9. எனவே 2637 ஒன்பதின் மடங்கு. மலை ரயில் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ஆண்டு 1899: கூட்டினால் 27, பிறகு 9. ஊட்டி வரை நீண்டது 1908-இல்: கூட்டினால் 18, பிறகு 9.

மூன்றும் ஒன்பதில் வந்து நிற்பதைப் பார்த்து எண் ஜோதிடக்காரர் யாராவது உற்சாகப்பட்டால் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒன்பது எண்களில் ஒன்று ஒன்பதின் மடங்காக இருக்கும். தேடினால் கிடைக்கும், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இந்த விதியிலிருந்து வரும் தொடர்வரிசை சீக்கிரமே சப்பென்று ஆகிவிடும். ஓர் இலக்கத்துக்கு வந்தவுடன் அங்கேயே நின்றுவிடுகிறது: 9, 9, 9, 9. ஒன்பதின் மடங்கு இல்லையென்றால் 1 முதல் 8 வரை ஏதோ ஒன்றில் நிற்கும், அந்த எண்தான் மீதி. ஓட்டம் இல்லாத விதி. ஆனாலும் இதில் ஒரு பழக்கம் கற்றுக்கொள்ளலாம்: ஒவ்வோர் எண்ணையும் அம்புக்குறி போட்டு அடுத்ததோடு இணைத்து எழுதுவது. 2637 → 18 → 9. இனி எல்லாவற்றையும் இப்படியே எழுதுவோம்.

பத்தொன்பதுக்கு வாருங்கள்

புதிதாக வருபவர்களை நான் எப்போதும் 19-இல்தான் இறக்கிவிடுவேன். 7-உம் 13-உம் பள்ளியில் கேள்விப்பட்டவை, ஆனால் அவற்றின் சுற்றுகள் முதல் பார்வையில் குழப்பும். 19 நேராக இருக்கும்.

விதியை ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணை இரண்டாகப் பிரியுங்கள்: கடைசி இலக்கம், அதற்கு முன்னால் இருக்கும் முன்பகுதி. கடைசி இலக்கத்தை 2-ஆல் பெருக்கி முன்பகுதியோடு கூட்டினால் அடுத்த எண். நிறுத்தாமல் எழுதுங்கள். எப்போது நிறுத்துவது? ஏற்கெனவே எழுதிய எண் மறுபடி வரும்போது.

208 → 36 → 15 → 11 → 3 → 6 → 12 → 5 → 10 → 1 → 2 → 4 → 8 → 16 → 13 → 7 → 14 → 9 → 18 → 17 → 15

15 திரும்ப வந்துவிட்டது. இனி எத்தனை தடவை போட்டாலும் இதே பாதைதான்.

இதை எழுதும்போது கோத்தகிரியில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, 3 போன்ற ஓரிலக்க எண். முன்பகுதி எங்கே என்று கேட்பார்கள். முன்பகுதி பூஜ்யம்; 0 + 6 = 6. இரண்டு, 10. கடைசி இலக்கம் பூஜ்யம், எனவே 1 + 0 = 1. மூன்றாவதுதான் வேடிக்கை: 19-ஐயே எடுத்தால் 1 + 18 = 19. எண் அசையவே இல்லை என்றதும் தப்பு பண்ணிவிட்டோம் என்று அடித்துவிடுவார்கள். தப்பு இல்லை. 19 தன் இடத்திலேயே நிற்கும் எண். 19-இன் மடங்குகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். திண்டுக்கல் மாவட்ட வண்டிகளில் இருக்கும் டிஎன் 57-ஐப் பாருங்கள், கொடைக்கானல் சாலையில் நிறையத் தென்படும்: 57 → 5 + 14 = 19. 4731 என்று ஒரு ஜீப் போனால்: 4731 → 475 → 57 → 19. வகுபடும். நம் நீலகிரி வண்டிகளின் டிஎன் 43 அப்படி இல்லை: 43 → 10 → 1, பிறகு சுற்றுதான்.

வட்டமாக வரையுங்கள்

மேலே கிடைத்த வரிசையில் 15-இலிருந்து 17 வரை எண்ணிப் பாருங்கள். 18 எண்கள். 1 முதல் 18 வரை ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. எனவே 19-இன் மடங்கு அல்லாத எந்த எண்ணில் தொடங்கினாலும் இந்த ஒரே சுற்றில்தான் வந்து மாட்டும்.

இதை நேர்கோட்டில் வைத்திருக்காமல் ஒரு வட்டத்தில் சம இடைவெளியில் எழுதுங்கள். 1-ஐ உச்சியில் வைத்து வலப்பக்கமாக 2, 4, 8, 16, 13, 7, 14, 9 என்று போனால் நேர் எதிரே கீழே 18 வரும். இப்போது எதிரெதிர் எண்களைக் கூட்டுங்கள். 1-உம் 18-உம் 19. 2-க்கு எதிரே 17. 4-க்கு எதிரே 15. 16-க்கு எதிரே 3. ஒன்பது ஜோடிகளும் 19. எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரு ஜோடி 19 வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் எங்கோ கூட்டலில் சறுக்கியிருக்கிறீர்கள்.

ஏன் இப்படி?

வேத கணிதம் என்ற பெயரில் நடக்கும் பல வகுப்புகளில் இந்த விதியை ஒரு வித்தை போலச் சொல்லித் தருவார்கள். பிள்ளைகள் வேகமாகப் போட்டுக் காட்டுவார்கள், கைதட்டல் கிடைக்கும். காரணம் மட்டும் வராது. காரணம் நாலு வரிதான், அதைத் தவிர்ப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

முன்பகுதியை மு என்றும் கடைசி இலக்கத்தை க என்றும் வைத்துக்கொள்வோம். பழைய எண் 10மு + க. புதிய எண் மு + 2க. புதிய எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்: 10மு + 20க. இது பழைய எண்ணைவிட 19க அதிகம். அதாவது புதிய எண்ணின் பத்து மடங்குக்கும் பழைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 19-இன் மடங்கு. ஒன்று வகுபட்டால் மற்றதும் வகுபடும். விதி நியாயமானதுதான்.

இதிலிருந்தே இன்னொன்றும் வரும். 20-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே ஒவ்வொரு முறை விதியைப் போடும்போதும் மீதி இரட்டிக்கிறது. 208-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 18. அடுத்த எண் 36, அதன் மீதி 17. (18-இன் இரட்டிப்பு 36, அதில் 19 போனால் 17.) அதற்கடுத்த 15-இன் மீதி 15. (17-இன் இரட்டிப்பு 34, 19 போனால் 15.) பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்தவர்களுக்கு இது பழகிய ஆள்தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒன்பதின் விதி மீதியை அப்படியே காப்பாற்றும், பத்தொன்பதின் விதி காப்பாற்றாது. 208 → 36 → 15 என்று வந்ததும் 208-இன் மீதி 15 என்று எழுதினால் தவறு. மீதி வேண்டுமென்றால் எத்தனை அடி வைத்தீர்களோ அத்தனை தடவை பாதியாக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். எண் ஒற்றைப்படையாக இருந்தால் 19 சேர்த்துப் பாதியாக்குங்கள். 15 + 19 = 34, பாதி 17. 17 + 19 = 36, பாதி 18. இரண்டு அடி முடிந்தது, மீதி 18.

எல்லா எண்ணும் ஏன் 19-க்குள் இறங்குகிறது என்பதையும் பார்த்துவிடலாம். பழைய எண்ணிலிருந்து புதியதைக் கழித்தால் 9மு − க. முன்பகுதி 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் இது குறைந்தது 18 − 9 = 9. அதாவது 20-உம் அதற்கு மேலும் உள்ள எண்கள் ஒவ்வோர் அடியிலும் குறைந்தது 9 இறங்கியே ஆக வேண்டும். 19-க்குள் வந்துவிட்டால் முன்பகுதி அதிகபட்சம் 1, கடைசி இலக்கம் அதிகபட்சம் 9, எனவே 1 + 18 = 19-ஐத் தாண்டி வெளியேற வழியில்லை. ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக இறங்கினாலும் கோத்தகிரி வழியாக இறங்கினாலும் மேட்டுப்பாளையம் வந்துதான் ஆக வேண்டும் என்பது போல, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இந்த 19 எண்களுக்குள் வந்து சேரும்.

உள்ளே வந்த பிறகு வால் எதுவும் இல்லாமல் சரியான சுற்றாக அமைவதற்கும் காரணம் உண்டு. ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்க்க அதை 2-ஆல் வகுங்கள். ஈவு கடைசி இலக்கமாகும், மீதி முன்பகுதியாகும். 7-ஐ வகுத்தால் ஈவு 3, மீதி 1. எனவே முந்தைய எண் 13. 18-ஐ வகுத்தால் ஈவு 9, மீதி 0. முந்தைய எண் 9. ஒவ்வோர் எண்ணுக்கும் 19-க்குள் ஒரே ஒரு முன்னோர். இரண்டு பாதைகள் வந்து ஒன்றில் கலக்க முடியாது.

இப்போது 1-ஐ 19-ஆல் வகுங்கள்

நீள்வகுத்தலாகவே போடுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் ஒருமுறை கையால் போட்டால்தான் இதன் ருசி தெரியும். மழை பிடித்துக் கரண்ட் போன சாயங்காலம் ஏற்ற நேரம். 18 இலக்கம் வரை போனதும் திரும்ப ஆரம்பிக்கும்:

0.052631578947368421 052631578947368421 …

இப்போது நம் சுற்றை 1-இலிருந்து எழுதி ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுங்கள். 1, 2, 4, 8, 6, 3, 7, 4, 9, 8, 7, 5, 1, 3, 6, 2, 5, 0. இதைப் பின்னிருந்து முன்னாகப் படியுங்கள். 052631578947368421.

முதல் தடவை இதைப் பார்க்கும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மறுபடி வகுத்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

நீள்வகுத்தலில் ஒவ்வோர் அடியிலும் மீதியோடு ஒரு பூஜ்யம் சேர்க்கிறோம், அதாவது பத்தால் பெருக்குகிறோம். நம் விதியோ மீதியை இரண்டால் பெருக்குகிறது. 10 × 2 = 20, அதன் மீதி 1. எனவே ஒன்று செய்ததை மற்றது கலைத்துவிடும். வகுத்தல் போகும் பாதையில் நம் விதி எதிர்த்திசையில் நடக்கிறது, அதனால்தான் பின்னிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. சரி, கடைசி இலக்கம் எப்படி ஈவு இலக்கமாகிறது? 50-ஐ 19-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 12. 120-ஐ வகுத்தால் ஈவு 6, மீதி 6. ஈவும் மீதியின் கடைசி இலக்கமும் எப்போதும் ஒன்றே. 19 × ஈவு + மீதி பூஜ்யத்தில் முடிய வேண்டும். 20 × ஈவு எப்படியும் பூஜ்யத்தில் முடியும். எனவே மீதியும் ஈவும் ஒரே இலக்கத்தில் முடிந்தால்தான் கணக்கு சரியாகும்.

சொந்த விதி செய்யுங்கள்

9-இல் முடியும் எந்த எண்ணுக்கும் இதே விதி பொருந்தும். அதோடு ஒன்றைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் பெருக்க வேண்டிய எண் கிடைக்கும். 19-க்கு 2, 29-க்கு 3, 39-க்கு 4, 49-க்கு 5. உங்கள் எண் 9-இல் முடியவில்லையா? 9-இல் முடியும் அதன் மடங்கு ஒன்றைப் பிடியுங்கள். 13-க்கு 39. 7-க்கு 49. 23-க்கு 69, எனவே 7-ஆல் பெருக்க வேண்டும். 17-க்கு 119, எனவே 12-ஆல். 2-ஆலோ 5-ஆலோ வகுபடும் எண்களுக்கு இப்படி ஒரு மடங்கு கிடைக்காது, அவற்றை விட்டுவிடுங்கள்.

பள்ளிப் புத்தகங்களில் 7-க்குக் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்கச் சொல்வார்கள். வகுபடுமா என்று பார்க்க அது போதும், சொல்லப்போனால் சுலபமும்கூட. தொடர்வரிசை எழுத மட்டும் கழித்தலைத் தொடாதீர்கள். குறை எண்கள் உள்ளே புகுந்து சுற்றைக் கந்தலாக்கிவிடும்.

முதலில் 13. நம் 208-ஐயே எடுப்போம். 20 + 32 = 52. 5 + 8 = 13. அடுத்து 1 + 12 = 13, நின்றுவிட்டது. அப்படியானால் 208 பதின்மூன்றின் மடங்கு, 13 × 16. மலை ரயில் பாதையில் குகைகளும் 16 என்பது வெறும் தற்செயல், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும்.

19-இல் ஒரே ஓர் எண் அசையாமல் நின்றது. இங்கே மூன்று: 13, 26, 39. 2 + 24 = 26, 3 + 36 = 39, போட்டுப் பாருங்கள். 13-இன் மடங்கு எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் உட்காரும். 39-இன் மடங்குகள் 39-இல் உட்காரும், மற்றவை 13-இலோ 26-இலோ. இப்போது 1 முதல் 39 வரை மிச்சமுள்ள 36 எண்களைப் பாருங்கள். ஒரே பெரிய சுற்றாக வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வராது.

1 → 4 → 16 → 25 → 22 → 10 → 1
2 → 8 → 32 → 11 → 5 → 20 → 2

ஆறு ஆறு எண்களாக உடைந்துவிடுகிறது. இன்னும் நான்கு சுற்றுகள் இருக்கின்றன, ஒன்று 3-இல் தொடங்கும், இன்னொன்று 6-இல். அவற்றை எழுதித் தர மாட்டேன், நோட்டில் போடுங்கள். மொத்தம் ஆறு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் ஆறு எண்கள், எதுவும் இரண்டு இடத்தில் வரக் கூடாது. அதுதான் சோதனை.

7-க்கு வந்தால் வேறு கதை. எல்லை 49, பெருக்கும் எண் 5. ஊட்டியின் உயரம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் 2240 மீட்டரை எடுங்கள்: 2240 → 224 → 42 → 14 → 21 → 7 → 35 → 28 → 42. ஏழின் மடங்குகள் ஆறும் தங்களுக்குள் ஒரு சின்னச் சுற்றாகக் கைகோத்துக்கொள்கின்றன, 49 மட்டும் தனியாக நிற்கிறது. இங்கே புதியவர்கள் ஏமாந்துவிடுவார்கள்: எண் 7-இல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறதே, வகுபடாது போலிருக்கிறதே என்று. சுற்றில் இருப்பவை ஏழின் மடங்குகளா என்று பார்த்தால் போதும். மற்ற 42 எண்களும் ஒரே மூச்சில் ஒரு நீண்ட சுற்று. 1 → 5 → 25 → 27 → 37 → 38 → 43 → 19 → 46 என்று கிளம்பி, 8 → 40 → 4 → 20 → 2 → 10 → 1 என்று வந்து முடியும். நடுவில் இருப்பது உங்கள் வேலை. முடித்துவிட்டுக் கடைசி இலக்கங்களைப் பின்னிருந்து படித்தால் 1-ஐ 49-ஆல் வகுத்த விடை 02040816326530… என்று வரும். 02, 04, 08, 16, 32 என்று இரட்டிப்பு வரிசை அதற்குள்ளேயே எட்டிப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கொரு முறை பூக்கும். 1994, 2006, 2018 என்று வந்ததில் அடுத்தது 2030. இதை 7-இன் விதியில் போட்டால் 2030 → 203 → 35, மடங்குதான். 29-இன் விதியில், அதாவது மூன்றால் பெருக்கிப் போட்டால், 2030 → 203 → 20 + 9 = 29. அதிலும் வகுபடுகிறது. ஓர் ஆண்டை இரண்டு விதியில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நீங்கள் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம்.

சுற்றின் நீளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

19-க்கு 18 எண்களும் ஒரே சுற்று. 29-க்கு 28-உம் ஒரே சுற்று. 13-இல் ஏன் துண்டு துண்டாக உடைகிறது? விடை நீள்வகுத்தலில் இருக்கிறது. 1-ஐ 13-ஆல் வகுத்தால் 076923 என்ற ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். நம் விதி அதே பாதையில் எதிர்த்திசையில் நடப்பதால் சுற்றின் நீளமும் ஆறு. 1-ஐ 79-ஆல் வகுத்தால் 13 இலக்கங்களில் திரும்பிவிடும், எனவே 79-இன் விதியில் 78 எண்களும் பதின்மூன்று பதின்மூன்றாக ஆறு சுற்றுகளாகப் பிரியும்.

இந்தச் சுழல் தசமங்களை கார்ல் பிரெடெரிக் காஸ் 1801-இல் வெளியிட்ட தன் எண் கோட்பாட்டு நூலிலேயே ஒழுங்காக அலசிவிட்டார். நூறுக்குள் 25 பகா எண்கள் இருக்கின்றன. அவற்றில் 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97 என்ற ஒன்பதுக்குத்தான் தசமம் முழு நீளத்துக்கு, அதாவது அந்த எண்ணைவிட ஒன்று குறைவான இலக்கங்கள் வரை, போய்த் திரும்பும். இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? இருக்கும், மொத்தப் பகா எண்களில் ஏறக்குறைய 37 சதவீதம் இப்படித்தான் என்று 1927-இல் எமில் ஆர்ட்டின் ஊகித்தார். பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளின் விரிந்த வடிவம் ஒன்று உண்மை என்று வைத்துக்கொண்டால் இது சரியே என்று 1967-இல் கிறிஸ்டோபர் ஹூலி காட்டினார். அந்த ‘வைத்துக்கொண்டால்’ இன்னும் அப்படியே நிற்கிறது. ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து தீராத கேள்விக்குப் போக இவ்வளவுதான் தூரம்.

கொலாட்ஸ் பக்கம் எப்போது போவது?

வகுபடும் தன்மையை வைத்து ஓடும் தொடர்வரிசை என்றாலே பலருக்கும் கொலாட்ஸ் கணக்குதான் ஞாபகம் வரும். எண் இரட்டைப்படையா, பாதியாக்கு. ஒற்றைப்படையா, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எங்கே தொடங்கினாலும் 1-இல் வந்து முடிகிறது என்பது அனுபவம், யாரும் நிரூபிக்கவில்லை. 27-இல் தொடங்கினால் 9232 வரை ஏறிப் போய், 111 அடிகளுக்குப் பிறகே 1-க்கு இறங்கும்.

ஆரம்பத்திலேயே அங்கே போக வேண்டாம் என்பது என் கட்சி. எண்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன, ஏன் என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. நம் விதிகளில் ஒவ்வோர் ‘ஏன்’-க்கும் பதில் நோட்டிலேயே இருக்கிறது. இறங்கும் என்பதற்கு மூன்று வரிக் காரணம், சுற்றும் என்பதற்கு இரண்டு வரி. அதைச் சொந்தமாக எழுதிப் பார்த்தவர் கொலாட்ஸில் எந்த வரி கிடைக்காமல் மாட்டிக்கொள்கிறோம் என்பதைத் தானே கண்டுகொள்வார்.

கணினி எப்போது?

கையால் குறைந்தது 19, 29, 39, 49 நான்கையும் முடித்த பிறகு. எக்செல் தெரிந்தால் போதும்: முதல் கட்டத்தில் எண், அடுத்த கட்டத்தில் அதைப் பத்தால் வகுத்த முழு ஈவு, அதோடு பெருக்கும் எண் × பத்தால் வகுத்த மீதி. கீழே இழுத்துவிட்டால் தொடர்வரிசை ஓடும். உங்களுக்குக் கிடைத்த வரிசை ஏற்கெனவே யாருக்காவது தெரியுமா என்று பார்க்க, நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கி 1996-இல் இணையத்தில் ஏற்றிய முழு எண் தொடர்வரிசைகளின் கலைக்களஞ்சியம் இருக்கிறது. 1, 2, 4, 8, 16, 13, 7, 14 என்று தட்டினால் 2-இன் அடுக்குகளை 19-ஆல் வகுத்த மீதிகள் என்ற பெயரில் நம் சுற்று அங்கே உட்கார்ந்திருக்கும். பெரிய எண்களுக்குக் கணினி நல்லது. சின்ன எண்களில் அதை முதலிலேயே திறந்தால் வட்டத்தின் எதிரெதிர் ஜோடி மாதிரியான விஷயங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 89-ஐ எடுங்கள், பெருக்கும் எண் 9. 1 → 9 → 81 → 17 → 64 → 42 என்று போகும். 88 எண்களும் 44, 44 ஆக இரண்டே சுற்றுகளாகப் பிரியும். 1 இருக்கும் சுற்றை முழுதாக எழுதி அதில் 4, 16, 25, 36, 49 எல்லாம் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருக்கும். மற்றச் சுற்றில் ஒரு வர்க்க எண்கூட இருக்காது. காரணம் தேட உட்காரும்போது, 9 என்பதே 3-இன் வர்க்கம் என்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.